தந்தை பெயரில் வந்த கடிதங்கள்: ஜெர்மனிக்குச் சென்ற ஓர் இளைஞரின் முதல் பதினான்கு மாதங்கள் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரியவர் காரைக்குடிக்கு அருகில் உள்ள ஒரு செட்டிநாட்டு ஊரைச் சேர்ந்தவர். புறப்படும்போது அவருக்கு வயது 28, மணமாகாதவர். தந்தை சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். பங்காளிகள் பலருக்கும் பொதுவான பழைய வளவு வீட்டில், தம் பங்குக்கு வந்த அறைகளில் அவருடைய ஆத்தாவும் (தாயும்) தங்கையும் வசித்து வந்தனர். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்கிவரும் காரைக்குடியில் முலாம் பூசும் தொழில்நுட்பத்தைப் படிப்பாகக் கொள்வது அதிசயமன்று. அவரும் வேதியியலில் முதுகலை முடித்து, ஓசூரில் ஒரு முலாம் பூச்சு ஆலையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். பின்னர் தென் ஜெர்மனியில் ஒரு சிறுநகரத்தில் உள்ள நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணி கிடைத்தது.

நான் அந்நாட்டில் எட்டு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பியவன். வெளிநாடு செல்லும் எங்கள் பகுதிப் பிள்ளைகள் கேட்டால், எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புவது வழக்கம். இதில் என் பங்கும் இருக்கிறது; அது முழுவதும் பாராட்டத்தக்க பங்கன்று என்பதாலேயே இதை எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலைப் பெற்று, அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

புறப்படுமுன் செய்தவை

ஆடி, ஆவணி மாதங்களில் மூன்று முறை சந்தித்தோம். விசா, சான்றிதழ்களின் மொழிபெயர்ப்பு, மருத்துவக் காப்பீடு, குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்யும் கடமை, ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும் என்ற செய்தி, இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது என்ற விதி ஆகியவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அடிப்படை ஜெர்மன் மொழித் தேர்வு ஒன்றை எழுதித் தேறியிருந்தார். அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது.

மூன்றாம் சந்திப்பு அவர்கள் வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) நடந்தது. அவருடைய அம்மானும் (தாய்மாமனும்) வந்திருந்தார். புறப்படும் பிள்ளைக்கு நல்வாக்காக ஏதாவது சொல்லுங்கள் என்று ஆத்தா கேட்டபோது, “முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். எதற்கும் மறுத்துப் பேசாதே, சரியென்று சொல், வேலையில் கண்ணாக இரு” என்றேன். அம்மானும் அதையே வேறு சொற்களில் சொன்னார். அப்போது அது எங்கள் எல்லாருக்கும் நல்ல அறிவுரையாகவே பட்டது.

முதல் இரண்டு மாதங்கள்: பெயர்

செப்டம்பர் முதல் நாள் பணியில் சேர்ந்தார். நிறுவனமே ஓர் அறையும் சமையலிடமும் கொண்ட சிறு வாடகை வீட்டைக் காட்டிக் கொடுத்தது. பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் தடையின்றி முடிந்தன. முதல் சிக்கல் யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

நம்மில் பலரைப் போல அவருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தந்தையின் பெயர் இருந்தது. ஆகவே அங்கே அரசு, வங்கி, காப்பீடு என்று எல்லாரும் கடிதங்களைத் தந்தை பெயரில் அனுப்பினர். இவரோ வீட்டுக்கு வந்த அன்றே அஞ்சல் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் தம் பெயரை மட்டும் எழுதி ஒட்டிவிட்டார். அந்நாட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் பெரும்பாலும் கதவு எண் இராது. அஞ்சல்காரர் பெட்டியின் மேல் உள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதத்தைப் போடுவார். பெயர் இல்லையென்றால் அது திரும்பிப் போகும். வருமான வரிக்கான அடையாள எண்ணைத் தாங்கிய கடிதமும் அப்படியே திரும்பியது. மணமாகாதவருக்குரிய முதலாம் வரி வகுப்பில் வரவேண்டிய அக்டோபர்ச் சம்பளம், வரி எண் இல்லாததால் மிக அதிகப் பிடித்தம் உள்ள ஆறாம் வகுப்பில் கணக்கிடப்பட்டு வந்தது. அந்தத் தொகை பிற்பாடு திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மாதம் தங்கையின் திருமணத்துக்கென்று அனுப்புவதாகச் சொன்ன பணத்தை அவரால் அனுப்ப முடியவில்லை. காரணத்தையும் அவர் வீட்டில் சொல்லவில்லை.

இதில் இன்னொன்றும் இருந்தது. அலுவலகத்தில் எல்லாரும் மரியாதையாக அவரைத் தந்தை பெயரால் அழைத்தனர். அப்பச்சியின் (தந்தையின்) பெயரை வாய்விட்டுச் சொல்லியே வளராத பிள்ளை அவர். பள்ளிப் படிவத்தில் எழுதும்போதுகூட ஆத்தா அந்தப் பெயரை உச்சரிக்காமல் விரலால் காட்டுவாராம். நாளுக்கு இருபது முறை அந்தப் பெயரைப் பிறர் சொல்லிக் கூப்பிட, அதற்கு “ஆம்” என்று தலைநிமிர்வது அவருக்குப் பழகவேயில்லை. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. டிசம்பரில் என்னிடம் பேசியபோது, இந்த ஒன்றைச் சொல்லும் இடத்தில்தான் அவர் குரல் உடைந்தது.

பணியிடம்: புள்ளியும் காற்புள்ளியும்

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை. நிக்கல் பூச்சின் தடிமன் அளவுகளைக் கணினி அட்டவணையில் ஏற்றும் வேலை அவருடையது. ஜெர்மானிய எழுத்து வழக்கில் தசமத்துக்குக் காற்புள்ளியும் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் இடுவார்கள். நம் வழக்கத்துக்கு நேர்மாறு. அட்டவணை மென்பொருளும் அந்நாட்டு வழக்கில் அமைந்திருந்தது. இவர் கைப்பழக்கத்தில் 8.250 என்று தட்டினார். கணினி அதை எட்டாயிரத்து இருநூற்றைம்பது மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கொண்டது. 12.5 என்று தட்டியதை மே மாதம் 12ஆம் தேதி என்று மாற்றிக்கொண்டது. பிற்பகலில் அட்டவணை வாடிக்கையாளரின் தரப் பிரிவுக்குப் போய்விட்டது.

மாலை ஐந்து மணிக்கு இவரே பிழையைக் கண்டுபிடித்தார். பிரிவுத் தலைவர் அடுத்த அறையில்தான் இருந்தார். எழுந்து போய்ச் சொல்வதற்குப் பதிலாக, எல்லாரும் போன பிறகு இரவு எட்டே முக்கால் வரை இருந்து அத்தனை எண்களையும் திருத்தி, புதிய கோப்பைப் பழைய பெயரிலேயே சேமித்துவிட்டு வீடு திரும்பினார். காலை ஏழேகாலுக்கு வந்தவர் அவர். அந்நாட்டுச் சட்டப்படி ஒரு நாளின் வேலை பத்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நேரப் பதிவுக் கருவியில் அதுவும் பதிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமையும் அவர் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை காலை வாடிக்கையாளரிடமிருந்து, “உங்கள் பூச்சு எட்டு மில்லிமீட்டர் தடிமனா?” என்னும் பொருளில் கேலியும் எரிச்சலும் கலந்த மின்னஞ்சல் வந்தது.

நவம்பர் நடுவில் தகுதிகாண் காலத்தின் இடைக்காலப் பேச்சு நடந்தது. பிரிவுத் தலைவர் எழுதிய குறிப்பை இவர் எனக்குப் பிறகு காட்டினார். எண் பிழையைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்தது. யாருக்கும் நேரக்கூடியது என்று விட்டிருந்தார். மீதி முழுவதும் வேறொன்றைப் பற்றியது. பிழை தெரிந்தும் மூன்று நாள் சொல்லாமல் இருந்தது, கோப்பை மௌனமாக மாற்றியது, எந்த வேலையைக் கொடுத்தாலும் “சரி” என்பது, அந்தச் சரிக்குப் புரிந்தது என்று பொருளா புரியவில்லை என்று பொருளா என்பது தெரியாமல் இருப்பது ஆகியவற்றை அவர் வரிசையாக எழுதியிருந்தார். இந்நிலை தொடர்ந்தால் பணியை உறுதி செய்வது கடினம் என்றும் சொல்லியிருந்தார். தகுதிகாண் காலத்தில் இரண்டு வார முன்னறிவிப்பில் எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம்.

பட்டாலையில் நான் சொல்லியனுப்பிய ஒவ்வொரு சொல்லையும் அவர் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார் என்பதை அந்தக் குறிப்பைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

வீடு: சுவர்

டிசம்பர் முதல் வாரத்தில், வெளிச்சுவரை ஒட்டியிருந்த துணி அலமாரியின் பின்புறம் கறுப்பாகப் பூசணம் படர்ந்திருந்ததைக் கண்டார். உள்ளங்கை அகலத்தில் நாலைந்து திட்டுகள். சோப்புநீரில் துடைத்தார், ஒரு வாரத்தில் மீண்டும் வந்தது. பழுதுபார்க்கும் ஆள் வேறு வேலையாக வந்தபோது அதைப் பார்த்து வீட்டுக்காரரிடம் சொல்ல, அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. (இம்முறை அது சரியான பெட்டியில் விழுந்தது.) குடியிருப்பவர் காற்றோட்டம் விடாததால் வந்த சேதம், செலவை முன்பணத்தில் பிடிக்க நேரிடும் என்று அதில் இருந்தது.

காரணம் எளியது. குளிருக்குப் பயந்து அக்டோபர் முதல் அவர் சன்னலைத் திறக்கவே இல்லை. மின்குக்கரில் சோறு, ஞாயிறுதோறும் இட்லி, அறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப்போட்ட துணி; அத்தனை ஈரமும் அறைக்குள்ளேயே நின்றது. செலவை மிச்சப்படுத்த, வேலைக்குப் போகும்போது வெப்பமூட்டியையும் முழுக்க அணைத்துவிடுவார். சுவர் நாள் முழுதும் குளிர்ந்து கிடக்கும். சூடான காற்று தாங்கிவந்த ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு நீராகப் படியும். அலமாரிக்குப் பின்னே காற்றே நுழையாது. பூசணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செட்டிநாட்டு வீட்டில் வளர்ந்தவருக்குக் காற்றோட்டம் என்பது ஒரு செயலாகவே தோன்றியிராது. முகப்பைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம். சுற்றிலும் சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். அங்கே காற்று வீட்டைக் கேட்டு வருவதில்லை. நானும் என் முதல் குளிர்காலத்தில் இதே தவற்றைச் செய்தவன். இருந்தும் என் தாளில் இதை எழுத மறந்திருந்தேன். நமக்குப் பழகிப்போனதைச் சொல்லிக் கொடுக்க நமக்கே தோன்றுவதில்லை.

வீட்டுடன் பேச்சு

வேலை முடிந்து, சமைத்து, ஏழு மணிக்கு மேல்தான் அவர் ஊருக்குப் பேசுவார். குளிர்காலத்தில் இந்திய நேரம் நாலரை மணி முன்னே இருக்கிறது. அங்கே ஏழு என்றால் இங்கே இரவு பதினொன்றரை. கனத்த சுவர்களால் உள்ளறையில் கைப்பேசிக்குச் சிக்னல் எட்டாது என்பதால், ஆத்தா முற்றத்து ஓரத்தில் தூணைச் சாய்ந்து மடியில் பேசியை வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். கோடையில் இடைவெளி மூன்றரை மணிதான். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்புவார்கள் என்பது ஆத்தாவுக்குத் தெரியாது. பிள்ளை திடீரென்று நாள்தோறும் ஒரு மணி நேரம் தாமதமாகப் பேசுவதாக அவர் எண்ணிக்கொண்டார். வேலையில் ஏதோ கஷ்டம் என்று ஊகித்தும்விட்டார். ஊகம் சரி, காரணம்தான் வேறு.

தங்கைக்குத் தை மாதக் கடைசியில் திருமணம் நிச்சயமாகியிருந்தது. தகுதிகாண் காலத்தில் லீவு கிடையாது, வர இயலாது என்று நவம்பரில் அவர் சொல்லிவிட்டார். அம்மான் மிகவும் வருந்தினார். சற்றுக் கடுமையாகவும் பேசினார். ஆனால் லீவை அவர் அலுவலகத்தில் கேட்கவே இல்லை. யாரும் சொல்லாத ஒரு மறுப்பை அவராகவே வீட்டுக்குச் சொல்லியிருந்தார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

டிசம்பர் இரண்டாம் வாரம், வேலையை விட்டு ஊர் திரும்பிவிடலாமா என்று கேட்டு என்னை அழைத்தார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். உடனே எதையும் முடிவு செய்யாமல், நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதி அனுப்பச் சொன்னேன். அந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் வரி, சுவர், எண், லீவு ஆகிய நான்கும் தனித்தனிச் சிக்கல்கள் அல்ல என்று தெரிந்தது. ஒவ்வொன்றிலும் கேட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். கேட்பதற்கு அவருக்கு ஓர் ஆள் இல்லை, கேட்கலாம் என்ற துணிவையும் நாங்கள் கொடுத்தனுப்பவில்லை.

நம் பக்கத்து முன்னோர் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க (தொழில் செய்ய) போன காலத்தில் இந்தத் தனிமைக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பெட்டியடிப் பையனாக (கடையில் தொழில் பழகும் கடைநிலை ஆளாக) போகும் சிறுவனுக்கு மேலே அடுத்தாள் இருந்தார், அவருக்கு மேலே மேலாள் இருந்தார். மூன்றாண்டுக் கணக்கு முடியும் வரை ரங்கூன் மொகல் தெருவிலோ சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலோ கிட்டங்கியில் (தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கட்டடத்தில்) ஒரே கூரையின் கீழ் உண்டு, உறங்கி, வேலை கற்றார்கள். அந்த வாழ்வில் கண்டிப்பும் கஷ்டமும் மிகுதி. அதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அற்ப விஷயத்தையும் வெட்கமின்றிக் கேட்க அங்கே பக்கத்துப் பெட்டியடியில் ஒருவர் இருந்தார். இன்று அதே ஊரிலிருந்து போகும் பிள்ளை தனி அறையில் தனியாக இருக்கிறார்.

திரும்பி வருவதைத் தகுதிகாண் காலம் முடியும் வரை ஒத்திவைத்தோம். அதுவரை பிரிவுத் தலைவர் விரும்பியபடி நடந்துகொண்டு பார்ப்பதில் இழப்பதற்கு ஏதுமில்லை என்பதே காரணம். அடுத்து, அவரே பிரிவுத் தலைவரிடம் நேரம் கேட்டுப் பெற்று, நடந்ததற்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்தோம். மன்னிப்பை நீட்டி முழக்காமல், இரண்டு செய்திகளை மட்டும் சொல்வது என்று வைத்துக்கொண்டோம்: எங்கள் பக்கம் மேலதிகாரியிடம் புரியவில்லை என்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும், இனி ஒவ்வொரு வேலையையும் வாங்கும்போது, தான் புரிந்துகொண்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வேன். மூன்றாவதாக, அந்தச் சந்திப்பிலேயே லீவையும் கேட்பது. இதற்கு அவர் மிகவும் தயங்கினார். குற்றம் சாட்டப்பட்ட இடத்திலேயே சலுகை கேட்பதா என்றார். கேட்காமல் வீட்டுக்கு இல்லையென்று சொன்னதும், தெரிந்தும் சொல்லாமல் கோப்பைத் திருத்தியதும் ஒரே பழக்கம்தான் என்று நான் சொன்னேன்.

வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம், படங்களுடன், தாமதத்தை ஒப்புக்கொண்டு கடிதம் அனுப்பினார். சேதத்தைக் கண்டதும் உடனே தெரிவிப்பது குடியிருப்பவரின் சட்டக் கடமை. ஒளிக்கிற ஒவ்வொரு நாளும் பொறுப்பு இவர் பக்கம் கூடும். திட்டுகள் அரைச் சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்ததால், சன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து, மருந்துக்கடைச் சாராயத்தால் தாமே துடைத்தார். அலமாரியை உட்சுவருக்கு மாற்றினார். காலை, மாலை, படுக்குமுன் என மூன்று வேளை வெப்பமூட்டியைத் தணித்துவிட்டு, சன்னலை முழுதாகத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடம் விடுவது என்று வைத்துக்கொண்டார். அரைகுறையாகச் சாய்த்துத் திறந்து வைத்தால் சுவர்தான் குளிரும், ஈரம் போகாது. காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கினார். முதல் நாள் அது 74 சதவீதம் காட்டியது. 40-க்கும் 60-க்கும் இடையே இருந்தால் போதும். துணி உலர்த்தக் கட்டடத்தின் நிலவறையில் ஓர் அறை இருக்கிறது என்பதை எதிர்வீட்டு மூதாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான்கு மாதமாக அந்த அறைக்குப் பக்கத்தில்தான் மிதிவண்டியை நிறுத்தி வந்திருக்கிறார்.

வேறொரு நகரத்தில் நான்கு தமிழ் இளைஞர்கள் சேர்ந்து வாழும் வீட்டுக்குப் போய்விடவும் அவர் எண்ணினார். தினமும் ஒன்றேகால் மணி நேரம் ரயிலில் போய்வர வேண்டும். நான் வேண்டாம் என்றேன். குளிர்காலத்தில் அந்த அலைச்சல் வேலையைக் கெடுக்கும் என்பது என் கணக்கு. அது சரியான முடிவா என்பதில் எனக்கு இன்றும் ஐயம் உண்டு.

ஊருக்குப் பேசும் நேரத்தை அங்கே காலை ஆறரைக்கு மாற்றினார். இங்கே அது பதினொரு மணி. ஆத்தா அடுப்படி வேலையை முடித்துவிட்டு உட்காரும் நேரம்.

பின் நடந்தவை

பிரிவுத் தலைவருடனான சந்திப்பு இருபது நிமிடம் நடந்தது. லீவு கேட்டதற்கு அவர் நாட்காட்டியைத் திறந்து, எந்தத் தேதிகள் என்று மட்டும் கேட்டாராம். ஆண்டுக்கு 30 நாள் என்பது ஒப்பந்தம். மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம் ஜனவரி முடிய ஐந்து மாதத்தில் பன்னிரண்டரை நாள் சேர்ந்துவிடும். முழு ஆண்டு உரிமை ஆறு மாதம் கழித்துத்தான் முழுமையாகும். ஆனாலும் சேர்ந்த அளவுக்குக் கேட்கத் தடையில்லை. எட்டு வேலை நாள்கள் கிடைத்தன. திருமணத்துக்கு மூன்று நாள் முன்னதாக வந்து சேர்ந்தார். அம்மானுடன் இருந்த மனத்தாங்கல் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. மணப்பந்தலிலும் இருவரும் அளந்தே பேசினர்.

ஜனவரியில் ஒரு முறை அவர் மீண்டும் பிழை செய்தார். ஒரு மாதிரித் தகட்டை வேறு தொட்டியின் பெயரில் பதிந்துவிட்டார். பத்து நிமிடத்துக்குள் போய்ச் சொன்னார். பிப்ரவரி இறுதியில் பணி உறுதியானது. அலுவலகத்தில் தன் இயற்பெயராலேயே அழைக்குமாறு கேட்டுக்கொண்டதும் அந்த மாதத்தில்தான். அங்கே இயற்பெயரால் அழைப்பது நெருக்கத்தின் அடையாளம். அவருக்கோ அது அப்பச்சியின் பெயரை அவருக்கே விட்டுவிடும் வழியாக இருந்தது.

சுவர் அவ்வளவு எளிதில் முடியவில்லை. கோடையில் வேறு வீட்டுக்கு மாறியபோது, பூச்சு வேலைக்கென்று முன்பணத்தில் ஒரு பகுதியை வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். வெளிச்சுவரில் போதிய வெப்பக் காப்பு இல்லை என்று வாதாட இடமிருந்தது. வாடகையாளர் சங்கத்தில் சேர்ந்து கேட்டிருக்கலாம். அவர் விட்டுவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

என் தாளை மாற்றியிருக்கிறேன். பாதி இடத்தைப் பிடித்திருந்த விசா விவரங்களை எடுத்துவிட்டேன். அவை தூதரகத் தளத்திலேயே இருக்கின்றன. அந்த இடத்தில் சன்னல், ஈரம், காற்புள்ளி, வரி எண், கடிகார மாற்றம் ஆகியவை வந்திருக்கின்றன. “சரியென்று சொல்” என்ற அறிவுரையை நிறுத்திவிட்டேன். புறப்படுமுன் ஒரு முறையாவது, புரியாத ஒரு வேலையை நான் கொடுத்து, புரியவில்லை என்று என்னிடமே சொல்லிப் பழகச் செய்கிறேன். நம் பிள்ளைகளுக்கு இது மொழித் தேர்வைவிடக் கடினமாக இருப்பதைப் பார்க்கிறேன். ஒருவர் மூன்று முறை முயன்றும் “புரிந்தது ஐயா” என்றே சொன்னார்.

முதல் ஆறு மாதம், அங்கேயே பணியாற்றும் மூத்தவர் ஒருவருடன் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் பேசுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்பது என் கருத்து. சிக்கல் வந்தபின் தேடினால் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கேட்க நா எழுவதில்லை. இப்போது அந்தப் பொறுப்பை ஒருவருக்காக இந்த இளைஞரே ஏற்றிருக்கிறார். அவர் ஊருக்கு அடுத்த ஊரைச் சேர்ந்த ஒரு பெண், செவிலியர் பணிக்காகத் தை பிறந்ததும் அங்கே போகிறார். சென்ற வாரம் மூவரும் இணையவழியில் பேசினோம். அவர் அந்தப் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வி, கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக யார் பெயர் இருக்கிறது என்பது. அவர் கைப்பேசியின் காமிராவைத் திருப்பித் தம் வீட்டு அஞ்சல் பெட்டியைக் காட்டினார். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பெயர்கள் இருந்தன, மேலே அப்பச்சியின் பெயர்.